பொய்க்கதை கேட்டு அழுத கரடிகள்

மலையடிக் காட்டில் கிழங்கு தோண்டுவது முயல்கள், தின்பது கரடிகள். முயல்களின் நகம் தேய்ந்துகொண்டே போனது. கரடிகளின் தொப்பை மட்டும் குறையவே இல்லை! ஓடிப்போன முயலைக் கரடிகள் பிடித்துவந்து காலை ஒடித்துவிடும்.

வெள்ளச்சி என்ற முயலுக்கு ஒரே குட்டி. கரடித் தலைவன் மொந்தையன் அந்தக் குட்டியை ஒரு தேனடைக்காகப் பக்கத்து மலைக் கரடிகளுக்குக் கொடுப்பதாகப் பேசி முடித்துவிட்டான். பொழுது விடிந்தால் வந்து தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள்.

வெள்ளச்சி அவன் காலில் விழுந்தாள். “ஐயா, பிள்ளையை மட்டும் விட்டுடுங்க! அவனுக்கும் சேர்த்து நானே தோண்டறேன்!”

“சீ, எழுந்திரு! முயலுக்கு ஏது பாசம்? ரெண்டு நாள்ல மறந்துடுவே!”

மொந்தையன் இதை நிஜமாகவே நம்பினான் என்பதுதான் கொடுமை. மரத்தின்மேல் இருந்த மைனா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தது.

மைனா சொல்லும் கதை என்றால் கரடிகளுக்கு உயிர். அன்று சாயங்காலமும் கூடி உட்கார்ந்தன. முயல்கள் கால் அமுக்கின. மொந்தையனின் மனைவி செவ்வந்தியின் காலடியில் வெள்ளச்சி அழுகையை விழுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

மைனா ஆரம்பித்தது. “ஒரு காட்டுல ஒரு தாய் முயல். பகல் முழுக்க யாருக்கோ உழைக்கும். தன் மார்பு ரோமத்தைப் பிய்த்துப் பிள்ளைக்கு மெத்தை போடும். ஒருநாள் அந்தப் பிள்ளையை ஒரு பலாப்பழத்துக்காகத் தூக்கிக் கொடுத்துட்டாங்க. தாய் தினமும் அந்த வெறும் மெத்தையை மோந்து மோந்து பார்க்குமாம், பிள்ளை வாசம் இன்னும் இருக்கான்னு!”

செவ்வந்தி தேம்பி அழுதாள். மொந்தையன்கூட மூக்கை உறிஞ்சினான். “எந்தப் பாவி இப்படிச் செஞ்சான்?” என்று கத்தினான்.

கண்ணைத் துடைக்கக் குனிந்த செவ்வந்தி, வெள்ளச்சியைப் பார்த்துத் திடுக்கிட்டாள். அவள் மார்பில் ரோமமே இல்லை! இத்தனை நாளும் அதைச் சொறி என்றுதான் செவ்வந்தி நினைத்திருந்தாள்.

“உன் ரோமமெல்லாம் எங்கே?”

“பிள்ளைக்குப் படுக்கை போட்டேம்மா.”

செவ்வந்திக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. “தேனும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்! இவ பிள்ளை எங்கேயும் போகக் கூடாது!”

“அடியே, அது மைனா கட்டிவிட்ட பொய்க்கதை!” என்றான் மொந்தையன்.

“அந்த முயல் பொய். இவளும் பொய்யா?”

மற்றக் கரடிகள் தங்கள் காலை அமுக்கிய முயல்களின் முகத்தை அன்றுதான் உற்றுப் பார்த்தன. ஒவ்வொன்றாகக் காலை இழுத்துக்கொண்டன.

கடைசியில் மொந்தையன் தலையைக் குனிந்துகொண்டு சொன்னான்: “போங்க. எல்லாரும் போங்க. கிழங்கை நாங்களே தோண்டிக்கறோம். குட்டியைத் தூக்க வரவேண்டாம்னு பக்கத்து மலைக்கும் இப்பவே சொல்லி அனுப்பிடறேன்.”

வெள்ளச்சி ஒரே ஓட்டமாக வளைக்கு ஓடினாள். குட்டியை வாரி அணைத்தபோதுதான் அவளுக்கு மூச்சே வந்தது.

“அம்மா, காலையில என்னைத் தூக்கிட்டுப் போக வருவாங்களா?”

“யாரும் வரமாட்டாங்கடா கண்ணு. நிம்மதியாத் தூங்கு!” என்று சொல்லிவிட்டு, அப்பாடா என்று அவளும் பக்கத்தில் படுத்தாள்.

இன்னோர் உயிரை அடிமையாக வைத்திருப்பது மகா அநியாயம். பழகிப்போனதால் அதைப் பார்க்காத கண்களையும் ஒரு நல்ல கதை திறந்துவிடும்.