மாடத்தி வீட்டுக் கஞ்சி

உப்பள வேலை முடிந்து, காலில் உப்பு காய்ந்தபடியே மாடத்தி கூட்டத்துக்கு வந்து நின்றாள். தேர்தலில் நான்கு பேர் நின்றார்கள். மூன்று பேர் பேச்சைக் கேட்டுவிட்டாள், மனசு இன்னும் ஒருபக்கம் சாயவில்லை. நான்காவது ஆள் கோதண்டபாணி, ஐந்து வருஷமாக எம்.எல்.ஏ.

"எனக்கு ஓட்டுப் போடுறவங்க கையைத் தூக்குங்க" என்றார் அவர். மாடத்தியின் கை மட்டும் எழவில்லை.

அவருக்குச் சுருக்கென்றது. "என்ன தாயி, போன தேர்தலப்போ உன் வீட்டுக்குள்ள உட்கார்ந்து கஞ்சி குடிச்சேனே, மறந்துட்டியா? இத்தனை பேர் முன்னாடி இப்பவே சொல்லு, உன் ஓட்டு யாருக்கு?"

கட்சிக்காரர்கள் முறைத்தார்கள். தொகுப்பு வீட்டுப் பட்டியலில் மாடத்தியின் பெயர் இருந்தது. அதை அடிக்கும் பேனா அவர்கள் சட்டைப்பையில் இருந்தது.

"இன்னிக்கும் கஞ்சி இருக்கு ஐயா. பழகின வீடுதான, வந்து குடிங்க. அங்க வச்சே சொல்லிருதேன்" என்றாள் மாடத்தி.

என்னதான் சொல்லப்போகிறாள் என்று பார்க்க, கூட்டமே அவள் குடிசைக்குக் கிளம்பியது. கேமராவைப் பார்த்துக் கும்பிட்டபடி கோதண்டபாணி நிமிர்ந்த தலையோடு உள்ளே நுழைந்தார். வாசக்கால் நெற்றியில் மடாரென்று இடித்தது.

மாடத்தி ஈரத்துணியோடு ஓடி வந்தாள்.

"வருத்தப்படாதீங்க ஐயா. இந்த வீட்டுக்கு முதல் தடவை வாறவங்க எல்லாரும் இடிச்சுக்கிடத்தான் செய்வாங்க. ரெண்டாந்தடவை வாறவங்க தன்னால குனிஞ்சிருவாங்க."