பத்து போல்ட்

கணபதி என்கிற ஊர்ப் பக்கம் ஒரு பட்டறை. அங்கே புதிதாக வந்த மேனேஜர் தனசேகருக்கு மைக்ரோமீட்டர் என்ற அளவுக் கருவி சொன்னால் சாமி சொன்ன மாதிரி. போல்ட் அளவு மயிரிழை பிசகியதென்று, கடைசல் லேத்தில் நின்ற மூன்று பெண்களை ஒரே வாரத்தில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

அடுத்து பூவாத்தாளைக் கூப்பிட்டார். "நீ கடைஞ்ச போல்ட்டுல பத்து கொண்டா. ஒண்ணு தப்பினாலும் நாளைக்கு வராதே."

அவள் பத்துத் தடவை போல்ட் நீட்டினாள். அவர் அளந்து எழுதியதும் திரும்ப வாங்கிக்கொண்டாள். கருவியை ஒருதரம் இறுக்கினார், ஒருதரம் தளரவிட்டார். சுற்றி நின்றவர்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

"நாலு ரிஜெக்ட். நீயும் கிளம்பு."

பூவாத்தாள் கையை விரித்தாள். உள்ளே ஒரே ஒரு போல்ட்.

"பத்துத் தடவையும் இதையேதானுங்க சார் கொடுத்தேன். எல்லாரும் பார்த்துக்கிட்டுத்தான் இருந்தாங்க. அந்த மூணு பேரையும் நீங்களே போய்க் கூட்டிட்டு வாங்க."