வழிவிடாத டொம்மன்

ஒரு ஊர்ல டொம்மன்னு ஒரு இரும்புப் பூதம் இருந்துச்சு. ஊருன்னா பஸ்ஸும் லாரியும் பாம் பாம்னு அலறுற பெரிய பட்டணம். ம் கொட்டுடி கண்ணு. டொம்மனுக்குக் கையும் காலும் உண்டு, ஆனா சுருட்டி உள்ள வெச்சுக்கும். ஒரு நாள் தபால்பெட்டியாட்டம் நிக்கும், ஒரு நாள் குப்பைத்தொட்டியாட்டம் குந்தும். அது மேல எச்சி துப்புவாங்க, நோட்டீஸ் ஒட்டுவாங்க. அதுக்கெல்லாம் அது கோவப்பட்டதே இல்ல.

அப்புறம் ஒரு நாள், அது குந்தியிருந்த தெருவுல சாக்கடைக் குழிக்குள்ள ஒரு ஆளை இறக்குனாங்க. உள்ள விஷக்காத்து. இறங்குன மனுசன் உசுரோட ஏறவே இல்ல. டொம்மன் பாத்துக்கிட்டே நின்னுச்சு, ஒண்ணும் செய்யல. அன்னிக்கு வந்துச்சு பாரு கோவம், குபுகுபுன்னு! ஊர் மேலயும் கோவம், தன் மேலயும் கோவம்.

அப்போ அடுத்த தெருவுல சாக்கடை அடைச்சுக்கிச்சு. குழியில இறக்க ஏகாம்பரம்னு ஒருத்தனை மேஸ்திரி கூட்டிட்டு வந்தான். அவங்க குழிகிட்ட வர்றதுக்குள்ள டொம்மன் முந்திக்கிச்சு. தடதடன்னு ஓடி, பழைய மூடியைத் தள்ளிட்டு, தானே இரும்பு மூடியாட்டம் குழி மேல படுத்து, காலை உள்சுவருல ஊனிக்கிச்சு.

"திறடா"ன்னான் மேஸ்திரி.

ஏகாம்பரம் கடப்பாரை போட்டு நெம்புனான். ணங்! அசையல. அப்புறம் நாலு பேரு கயிறு கட்டி இழுத்தாங்க. படார்! கயிறு அறுந்து நாலு பேரும் மல்லாக்க விழுந்தாங்க. அப்புறம் லாரியில சங்கிலி மாட்டி இழுத்தாங்க. விர்ர்ர்! டொம்மன் முதுகு விரிசல் விட்டுச்சு. உயிர் போற வலி. பல்லைக் கடிச்சுக்கிச்சே ஒழிய, விடல.

கேக்குறியா? ம்.

அப்போ ஏகாம்பரம் பொண்டாட்டி அமுலு, சேதி கேட்டு ஓடி வந்தா. வந்தவ நேரா மூடி மேல சம்மணம் போட்டு உக்காந்துட்டா.

"எழுந்திரும்மா"ன்னான் மேஸ்திரி.

"அடைப்பெடுக்குற மெஷின் எங்க?"

"அது வர நாளாவும்."

"அப்போ நீ இறங்கு."

மேஸ்திரி ரெண்டடி பின்னால போனான். அமுலுவுக்கு அடியில இரும்பு உர்ர்ருன்னு உறுமுச்சு. அவ பயப்படல. அதைத் தட்டி, "நீயும் விடாத"ன்னா.

அப்புறம் பக்கத்து வீட்டுக்காரி வந்து உக்காந்தா. அப்புறம் தெருவே வந்து உக்காந்துச்சு. வேற வழியில்லாம மேஸ்திரி போன் போட்டான், சாயங்காலத்துக்குள்ள மெஷின் வந்துச்சு! அமுலு எழுந்ததும், டொம்மன் காலைச் சுருட்டிக்கிட்டு உருண்டு வழிவிட்டுச்சு. ஏகாம்பரம் குழியில இறங்காம, மேல நின்னே மெஷின் குழாயைப் புடிச்சான்.

டொம்மனுக்குக் கோவம் மட்டும் ஆறல. பட்டணத்துல இன்னும் எத்தனை குழி! விரிசல் முதுகோட அடுத்த தெருவுக்கு நடந்துச்சு, டொம், டொம், டொம்னு.

கதை கரையேறிடுச்சு, கண்ணை மூடு.