கரைக்குப் பழம், மானுக்கு மண்

நாவல் காட்டில், நான்கு பாதைகள் சேரும் இடத்தில் ஒரு புளியமரம் இருந்தது. அதன் அடியில் ஒரு மைனாவும் ஒரு கழுதையும் சேர்ந்து செய்தி நிலையம் ஒன்றை நடத்திவந்தார்கள்.

மைனாவின் பெயர் சொல்லழகி. எந்தச் செய்தியையும் கேட்பவர் மனதில் ஒட்டிக்கொள்ளும்படி சொல்லத் தெரிந்தவள். ஆனால் அவள் குரல் மூன்று மரங்களைத் தாண்டாது. கழுதையின் பெயர் முழக்கன். அவன் வாயைத் திறந்தால் இரண்டு குன்றுகளுக்கு அப்பால் தூங்குகிறவர்கள்கூட எழுந்து உட்காருவார்கள். ஆனால் என்ன சொல்வது என்று அவனுக்குத் தானாகத் தோன்றாது.

அதனால் சொல்லழகி அவன் தலையில் உட்கார்ந்து காதுக்குள் சொல்லுவாள். அவன் நடந்துகொண்டே முழங்குவான். காட்டை ஒரு சுற்று சுற்றிவர ஒரு பகல் முழுவதும் ஆகும்.

எந்த ஓடையில் தூர் எடுக்க வேண்டும், எந்தப் பாதையில் முள் வெட்ட வேண்டும், நொந்துபோன யாருக்கு உதவி திரட்ட வேண்டும், எல்லாம் இவர்கள் வாய் வழியாகத்தான் காட்டுக்குத் தெரியும். கூலியாக முழக்கனுக்குப் புல்லும் சொல்லழகிக்குக் கொய்யாப் பழமும் கிடைக்கும். இருவருக்கும் அது போதும்.

ஒரு நாள் காலையில் நீர்நாய் ஏரியப்பன் மூச்சிரைக்க ஓடிவந்தான். ஏரிக்கரையைப் பார்த்துக்கொள்வது அவன் பொறுப்பு.

"சொல்லழகி! கரையில் விரிசல்! மதகுக்குப் பக்கத்தில் தண்ணீர் கசிகிறது!"

"பெரிய விரிசலா?"

"நேற்று என் வால் நுழைந்தது. இன்று நானே நுழைந்துவிட்டேன்! மேற்கு மலையில் மேகம் வேறு கறுத்திருக்கிறது. நாளைக் காலை எல்லோரும் களிமண்ணும் கல்லும் கொண்டுவந்து அடைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் கரைக்குக் கீழே இருக்கிற எலி வளைகள் அத்தனையும் போய்விடும்!"

"கவலையை விடுங்கள்! நாளைக் காலை உங்கள் கரையில் நிற்க இடம் இருக்காது!" என்றாள் சொல்லழகி.

ஏரியப்பன் நிம்மதியாகத் திரும்பிப் போனான்.

முழக்கன் இரண்டு வாய் புல்லைத் தின்றுவிட்டுக் கிளம்பத் தயாரானான். அதற்குள் முள்ளம்பன்றி தாயம்மாள் வந்துவிட்டாள். துன்பப்பட்டவர்களுக்காக ஊரெல்லாம் கேட்டு வாங்கிக் கொடுப்பவள் அவள். நல்ல மனசு. ஆனால் உணர்ச்சிவசப்பட்டால் முள்ளெல்லாம் சிலிர்த்துக்கொள்ளும். அவளுக்கு ஆறுதல் சொல்லப் போனவர்கள் பலர் காயத்தோடு திரும்பியிருக்கிறார்கள்.

"சொல்லழகி! கிழக்கு மலையில் தீப்பிடித்துவிட்டது. மான்கள் குடும்பம் குடும்பமாக நம் ஆலமரத்தடிக்கு வந்திருக்கின்றன. காலெல்லாம் கொப்புளம். இரண்டு நாளாகப் பட்டினி!"

அவள் முள் மளமளவென்று எழுந்தது. சொல்லழகி ஒரு கிளை மேலே ஏறிக்கொண்டாள்.

"என்ன வேண்டும், சொல்லுங்கள்!"

"பழமும் தழையும்! நாளைக் காலை ஆலமரத்தடிக்கு வந்து சேர வேண்டும்!"

"கவலையை விடுங்கள்! ஆலமரமே மறையும் அளவுக்குக் குவித்துவிடுகிறோம்!"

தாயம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனாள்.

முழக்கன் மெல்லத் தலையைத் தூக்கினான். "அக்கா, ஒரு சுற்றுக்கு ஒரு செய்தி என்பதுதானே நம் வழக்கம்?"

"ஆமாம். அதற்கு என்ன?"

"இப்போது இரண்டு செய்தி. இருப்பது ஒரு பகல்."

"இரண்டும் நல்ல காரியம் அல்லவா? எதை விடச் சொல்கிறாய்?"

"விட வேண்டாம், அக்கா. கரைதான் இன்றைக்கே அவசரம். நாளைக்கு ஆட்கள் அங்கே கூடும்போது மான்களைப் பற்றிச் சொன்னால் போகிறது. தாயம்மாளிடம் அப்படிச் சொல்லிவிடலாமே. நம்மிடம் இருக்கிற புல்லையும் கொய்யாவையும் இன்று கொடுத்தனுப்பலாம்."

"சொன்னால் நம்மைப் பற்றி என்ன நினைப்பாள்? செய்தி நிலையம் கையை விரித்துவிட்டது என்று காடெல்லாம் பேச்சாகிவிடும்! இரண்டையும் சேர்த்து ஒரே அறிவிப்பாகக் கட்டித் தருகிறேன். நீ முழங்கினால் போதும்!"

சொல்லழகி கண்ணை மூடி யோசித்தாள். பிறகு முழக்கனின் தலையில் ஏறிக் காதில் சொன்னாள். முழக்கன் முழங்கினான்.

"கருணை உள்ளம் கொண்ட காட்டுப் பெருமக்களே! ஒரு பக்கம் தண்ணீர்! ஒரு பக்கம் கண்ணீர்! கரை விரிசலில் வாடுகிறது! மான்கள் பசியில் வாடுகின்றன! களிமண் வேண்டும்! பழம் வேண்டும்! கல் வேண்டும்! தழை வேண்டும்! ஏரிக்கு வாரீர்! ஆலமரத்துக்கு வாரீர்! நாளைக் காலை! மறவாதீர்! மறந்தும் இருந்துவிடாதீர்!"

"எப்படி?" என்று கேட்டாள் சொல்லழகி.

"நன்றாகத்தான் இருக்கிறது, அக்கா. மூச்சு விடத்தான் இடமில்லை."

கிளம்பினார்கள். முதல் குன்றில் முழக்கன் முழுவதையும் சொன்னான். இரண்டாம் குன்றில் பெருமக்களை விட்டுவிட்டான். உச்சி வெயிலில் கண்ணீரையும் தண்ணீரையும் மாற்றிப் போட்டான். மூன்றாம் குன்று ஏறும்போது தொண்டை கட்டிக்கொண்டது. அவன் சுருக்கமாக முழங்க ஆரம்பித்தான்.

"கரைக்குப் பழம்! மானுக்கு மண்! நாளைக் காலை!"

தலைமேல் இருந்த சொல்லழகிக்கு அது காதில் விழுந்தது. ஏதோ இடம் மாறிவிட்டதே என்று ஒரு கணம் நினைத்தாள். ஆனால் பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. இன்னும் பாதிக் காடு பாக்கி.

"கேட்கிறவர்கள் சரியாகப் புரிந்துகொள்வார்கள். நட, நட!" என்றாள்.

மறுநாள் விடிந்தது.

ஏரிக்கரையில் ஏரியப்பன் தனியாகக் காத்திருந்தான். முதலில் யானை மலையாண்டி வந்தான். தும்பிக்கையில் ஒரு பெரிய பலாப்பழம். பின்னால் குரங்குகள் வாழைத்தாரோடு வந்தன.

"இதெல்லாம் என்ன?" என்று கேட்டான் ஏரியப்பன்.

"கரைக்குப் பழம்!" என்றான் மலையாண்டி பெருமையாக. "எனக்கும் ஆச்சரியமாகத்தான் இருந்தது. ஆனால் செய்தி நிலையம் சொன்னால் காரணம் இருக்கும்!"

"வேண்டாம்! வேண்டாம்!" என்று ஏரியப்பன் கத்துவதற்குள், மலையாண்டி பலாப்பழத்தை விரிசலில் வைத்து ஓர் அழுத்து அழுத்தினான். குரங்குகள் இண்டு இடுக்கில் வாழைப்பழத்தைத் திணித்தன. கசிவு நின்றது.

"பார்த்தாயா!" என்றான் மலையாண்டி.

அடுத்த நொடி கரைக்கு அந்தப் பக்கம் தண்ணீர் கொதிப்பதுபோல் ஆனது. ஏரியில் இருந்த மீன்கள் எல்லாம் பலாப்பழத்தைத் தின்ன வந்துவிட்டன! ஆமைகளும் சேர்ந்துகொண்டன. பழம் குறையக் குறைய அவை விரிசலுக்குள்ளேயே புகுந்து முட்டித் தள்ளின. முன்பு நீர்நாய் நுழைந்த ஓட்டையில் இப்போது ஓர் ஆடு நுழையலாம்.

ஆலமரத்தடியில் வேறு கூத்து. காட்டுப்பன்றி வீரமுத்து தன் கூட்டத்தோடு வந்திருந்தான். ஒவ்வொரு பன்றியும் வாய் நிறையக் களிமண் கொண்டுவந்திருந்தது.

"யாருக்கு முதலில்?" என்று கேட்டான் வீரமுத்து.

பசியில் கிடந்த மான் ஒன்று ஆசையோடு கழுத்தை நீட்டியது. தொப்பென்று அதன் முகத்தில் மண் விழுந்தது.

"ஐயோ! இது என்ன விருந்து?"

"எங்களுக்கு என்ன தெரியும்? மானுக்கு மண் என்றார்கள். பூசிவிடுகிறோம்!"

தாயம்மாள் குறுக்கே ஓடினாள். "நிறுத்துங்கள்! நிறுத்துங்கள்!" அவள் முள் சிலிர்த்த வேகத்தில் மூன்று பன்றிகள் அலறிக்கொண்டு பின்வாங்கின. அதற்குள் மான்கள் எல்லாம் கழுத்துவரை சேறாகிவிட்டன.

இந்த இரண்டு இடத்துக்கும் வராதவர்கள்தான் அதிகம். அறிவிப்பை முழுதாகக் கேட்டவர்கள் அவர்கள். ஏரிக்குப் போக வேண்டியவர்கள் யாராவது போவார்கள், ஆலமரத்துக்குப் போக வேண்டியவர்கள் யாராவது போவார்கள் என்று வீட்டிலேயே இருந்துவிட்டார்கள்.

சொல்லழகி கூட்டத்தைப் பார்த்து மகிழலாம் என்று முழக்கனோடு கரைக்கு வந்தாள். கண்ட காட்சியில் அவளுக்குச் சிறகு தொங்கிப்போனது. ஓட்டையில் தண்ணீர் பீறிட்டுக்கொண்டிருந்தது. மேற்கு மலையில் இடி இடித்தது.

"சொல்லழகி! நீ கேட்டது கரைக்கா, கல்யாணத்துக்கா?" என்று கத்தினான் ஏரியப்பன்.

அவள் முழக்கன் பக்கம் திரும்பினாள். "முழக்கா! களிமண்ணோடு இங்கே வரச் சொல்! சத்தமாகச் சொல்!"

முழக்கன் வாயைத் திறந்தான். "ஹ்... ஹ்..." என்று காற்றுதான் வந்தது. நேற்றைய சுற்றில் தொண்டை முற்றாகப் போய்விட்டது. அவன் அவளைப் பரிதாபமாகப் பார்த்தான். பிறகு ஓடையோரம் போய், முதுகில் கல்லைத் தூக்கிவைக்கும்படி குரங்குகளுக்குச் சைகை காட்டினான்.

சொல்லழகி ஆலமரத்துக்குப் பறந்தாள்.

"வீரமுத்து! அந்த மண்ணையெல்லாம் எடுத்துக்கொண்டு ஏரிக்கு ஓடுங்கள்! கரை உடையப் போகிறது!"

வீரமுத்து அசையவில்லை. "நேற்று மானுக்கு என்றாய். இன்று கரைக்கு என்கிறாய். அங்கே போனால் யானைக்குப் பூசு என்பாயா?"

பன்றிகள் உறுமலாகச் சிரித்தன. சொல்லழகி வாயைத் திறந்தாள். அடுக்கடுக்காக அழகான வார்த்தைகள் நாக்கு நுனி வரை வந்தன. அவற்றையெல்லாம் விழுங்கினாள்.

"தப்பு என்னுடையது," என்றாள். "இரண்டு செய்தியைச் சேர்த்துக் கட்டியது நான். முழக்கன் வேண்டாம் என்று சொன்னான். வழியில் வார்த்தை மாறியது எனக்குக் கேட்டது. நேரம் இல்லை என்று விட்டுவிட்டேன். என்னைப் பிறகு திட்டுங்கள். கரைக்குக் கீழே எலிகள் குஞ்சுகளோடு இருக்கின்றன."

சேறு பூசியிருந்த மான் ஒன்று தட்டுத் தடுமாறி எழுந்தது.

"நெருப்பு எங்களைத் துரத்தியது. தண்ணீர் அவர்களைத் துரத்த வேண்டாம். நடக்க முடிந்தவர்கள் நாங்களும் வருகிறோம். மண்தான் எங்கள் மேலேயே இருக்கிறதே!"

வீரமுத்துவுக்கு வெட்கமாகிவிட்டது. "நீங்கள் உட்காருங்கள்!" என்று சொல்லிவிட்டு மண்ணை அள்ளிக்கொண்டு ஓடினான். கூட்டம் அவன் பின்னால் ஓடியது. மான்கள் உட்காரவில்லை. நொண்டிக்கொண்டே போயின.

சொல்லழகி மரம் மரமாகப் பறந்தாள். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று ஒன்றையே சொன்னாள்: "களிமண்ணோடு ஏரிக்கு வாருங்கள்." அவ்வளவுதான். வீட்டில் இருந்தவர்கள் எல்லாம் வந்தார்கள்.

மலையாண்டி மிச்சப் பழத்தை விரிசலிலிருந்து பிடுங்கிக் கரைமேல் எறிந்தான். மான்கள் அதைத் தின்று, வந்த தெம்பில் மண்ணை மிதித்து இறுக்கின. முழக்கன் கல் சுமந்து சுமந்து வந்தான். மழை ஊற்ற ஆரம்பித்தபோது ஏரியப்பன் கடைசிக் கல்லை வைத்துக்கொண்டிருந்தான். கரை நின்றது.

ஆனால் அதற்குள் பாய்ந்த தண்ணீர் ஏழு எலி வளைகளை அழித்துவிட்டது. எலிகள் குஞ்சுகளை வாயில் கவ்விக்கொண்டு மேட்டுக்கு ஏறித் தப்பின. சொல்லழகி நனைந்த சிறகோடு அவர்கள் முன் போய் நின்றாள்.

"என்னை மன்னித்துவிடுங்கள்," என்றாள்.

எலி மாரக்காள் அவளை மேலும் கீழும் பார்த்தாள். "மன்னிப்பைக் கொண்டுவந்திருக்கிறாய். சரி. அதை எங்கே வைப்பது? வளையே இல்லையே!"

சொல்லழகி மழை விட்டதும் செய்தி நிலையத்தை மூடினாள். முழக்கன் குளம்பால் மண்ணைத் தோண்ட, அவள் அலகால் அள்ளிப் போட்டாள். நான்கு நாள் வேலை. ஏழு வளைகளும் மேட்டில் எழுந்தன. மாரக்காள் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு, "வாசல் கோணல்," என்றாள். பிறகு, "இருக்கட்டும்," என்றாள்.

அந்த நான்கு நாளும் தாயம்மாள் வீடு வீடாகப் போய்க் கிடைத்ததை வைத்து மான்களுக்குப் பசியாற்றிக்கொண்டிருந்தாள். அது போதவில்லை. ஐந்தாம் நாள் காலையில் சொல்லழகி காடெங்கும் பறந்தாள். முழக்கனின் தொண்டை இன்னும் சரியாகவில்லை. அவன் கூடவே நடந்தான்.

யானை மலையாண்டி அவர்களைப் பார்த்ததும் உஷாராகிவிட்டான். "முதலில் தெளிவாகச் சொல்! என்ன வேண்டும்? எங்கே வேண்டும்?"

"மான்களுக்குத் தழை வேண்டும். ஆலமரத்தடிக்கு."

"களிமண் கிளிமண் ஏதாவது?"

"இல்லை."

"ஓடைக்கு? மதகுக்கு? வேறு யாருக்காவது?"

"ஓடைக்குத் தூர் எடுக்க வேண்டும். அதை நாளைக்கு வந்து சொல்கிறேன். இன்றைக்கு இது மட்டும்தான்."

மலையாண்டி தலையாட்டிவிட்டு ஒரு மூங்கில் புதரையே வேரோடு பிடுங்கித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தான். மாலைக்குள் ஆலமரத்தடியில் தழை மலைபோல் குவிந்தது. மான்கள் வயிறு நிறையத் தின்றுவிட்டு, பல நாளுக்குப் பிறகு படுத்துத் தூங்கின.

எல்லோருக்கும் ஒரே நேரத்தில் உதவுவதாக வாக்குக் கொடுப்பவரைவிட, ஒருவரைச் சற்றுப் பொறுக்கச் சொல்லிவிட்டு எடுத்த காரியத்தை ஒழுங்காக முடிப்பவரே எல்லோருக்கும் உதவியவர் ஆகிறார்.