பொய்யாய் அடித்த தண்டவாளம்

ஊசிக்கல் தோட்டத்தில் ஒரு குருவும் ஒரு சீடரும் இருந்தார்கள். குருவுக்கு வயது முப்பத்துநாலு. சீடருக்கு அறுபத்தொன்று.

சிரிக்காதீர்கள். நான் சொல்வது இலங்கையின் மலைநாட்டுக் கதை. அங்கே குரு என்றால் தாடியும் கமண்டலமும் கிடையாது. ரஞ்சிதமலர் என்று பெயர். பிள்ளைமடுவத்து ஆயம்மா. தாய்மார் கொழுந்து பறிக்கப் போகும்போது சின்னப் பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகிற இடம்தான் பிள்ளைமடுவம். பத்தொன்பது பிள்ளைகளுக்கு மூக்குத் துடைத்து, சோறூட்டி, ஏணை ஆட்டுவது அவள் வேலை.

சீடர் அங்கமுத்துக் கங்காணி. முப்பது வருசம் காலை ஆறு மணிக்கு, தன் வீட்டு வாசலில் தொங்கும் தண்டவாளத் துண்டைச் சம்மட்டியால் அடித்து ஆளைப் பிரட்டுக்கு எழுப்பிய மனுசன். வந்தவர்களின் பெயரைக் கூப்பிட்டு வேலைக்குப் பிரித்துவிடுவார். அவர் குரலுக்குப் பயந்து நாய்கூட வரிசையில் நிற்கும் என்பார்கள்.

இந்த மனுசன் எப்படி அந்தப் பெண்ணிடம் போய்ச் சேர்ந்தார்? மூன்று வருசத்துக்கு முந்தி ஒரு மழை. மடுவத்துக்குப் பின்னால் இருந்த சரிவு கழன்று வந்து மடுவத்தை அப்படியே மூடிவிட்டது. தாய்மார் மார்பில் அடித்துக்கொண்டு ஓடி வந்தால், பத்தொன்பது பிள்ளைகளும் கோயில் மேட்டில் கயிற்றைப் பிடித்தபடி வரிசையாக உட்கார்ந்து பாட்டுப் பாடுகின்றன! மேட்டுக்கு அடியெல்லாம் ஒரே பாறை. அங்கே எந்த மண்ணும் வராது.

அன்று கங்காணி கேட்டார்.

"ஏ புள்ள, மலை வரப்போறது ஒனக்கு எப்படித் தெரிஞ்சது?"

"தெரியாது மாமா."

கங்காணி நம்பவில்லை. இவளிடம் ஏதோ ரகசியம் இருக்கிறது, மறைக்கிறாள் என்று முடிவு கட்டினார். மறுநாளே, மடுவத்துக்கென்று புதிதாய் ஒதுக்கிய வீட்டின் வாசலில் வந்து நின்றார். "ஏ புள்ள" போய் "ஆயம்மா" ஆனது. "சொல்லு" போய் "சொல்லுங்க" ஆனது. விறகு பிளந்தார். ஊரையே அதட்டிய குரலால் தாலாட்டுப் பாடினார். இரண்டு பிள்ளைகள் பயந்து அழுதன, மற்றவை தூங்கின.

பொழுது சாயும்போது தினமும் கேட்பார்.

"ஆயம்மா, அந்த ரகசியம்?"

"வெறகு நனைஞ்சிருக்கு மாமா. திருப்பிப் போடுங்க."

அதற்குள் மழையின் குணமே மாறிப்போனது. முன்பெல்லாம் ஒரு கிழமை, ஏழு நாளும், நசநசவென்று தூறிக்கொண்டு கிடக்கும். இப்போது மாசக்கணக்கில் வெயில் காயும். பிறகு ஒரு பின்னேரத்தில், ஒரு மாசத்து மழை மொத்தமாகக் கொட்டும். எல்லாரும் குடியிருக்கும் லயத்து வீடுகளுக்கு மேலே தேயிலைச் சரிவில் கை நுழைகிற அளவுக்கு வெடிப்பு. நகரத்திலிருந்து ஆட்கள் வந்தார்கள். வெடிப்பைப் படம் பிடித்தார்கள். வேறு இடத்தில் வீடு வரும் என்றார்கள். வீடு வரவில்லை. மழையை அளக்க ஒரு மழைப்போத்தல் மட்டும் வந்தது. அதில் ஒரு சிவப்புக் கோடு.

"தண்ணி கோட்டைத் தாண்டினா எல்லாரும் மேட்டுக்குப் போயிரணும்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

யார் பார்ப்பது? யார் எழுப்புவது? நாற்பத்திரண்டு குடும்பமும் கங்காணியைப் பார்த்தது.

கங்காணிக்குப் பெருமை தாங்கவில்லை. "என் தண்டவாளம் முப்பது வருசத்துல ஒரு நாள் பொய் சொன்னதில்ல. ஆறுன்னா ஆறுதான்!"

வைகாசியில் ஒரு பின்னேரம் தண்ணீர் கோட்டைத் தாண்டியது. அடித்தார் பாருங்கள், டாண் டாண் டாணென்று! லயமே கிளம்பியது. கிழவிகளை முதுகில் தூக்கிக்கொண்டு, கோழியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, சேற்றில் வழுக்கி வழுக்கி எல்லாரும் மேட்டுக்கு ஏறினார்கள்.

ஒரு மணி நேரம் போனது. மழை நின்றது. பளிச்சென்று வெயில் அடித்தது. சரிவிலிருந்து ஒரு மண்ணாங்கட்டிகூட உருளவில்லை.

லொறி பெருமாள் எழுந்தான். தோட்டத்து லொறி ஓட்டுகிறவன். வாய்க்கு வரி கட்டாதவன்.

"கங்காணியாரே, எங்க மலை? வர்ற வழியில டீ குடிக்க நின்னுருச்சா?"

மேடே சிரித்தது. கங்காணிக்கு முகம் செத்துப்போனது. குருவைத் தேடினார். குரு மூன்று கல்லைக் கூட்டி, கோயில் அண்டாவை ஏற்றி, மடுவத்துச் சவ்வரிசியைக் கொட்டிக்கொண்டிருந்தாள்.

"இது என்னாத்துக்கு ஆயம்மா?"

"பாயாசம்."

"என்னாத்துக்குப் பாயாசம்ங்கிறேன்!"

"மலை வரல்லியே மாமா."

மடுவத்துப் பிள்ளைகள் "பாயாசம், பாயாசம்" என்று குதித்தன. அவர்களுக்கு இது பழக்கம்போல. பெரியவர்கள் முணுமுணுத்துக்கொண்டே குடித்தார்கள். குடித்துவிட்டு இறங்கிப் போனார்கள்.

ஆடியில் மறுபடி தண்ணீர் ஏறியது. மறுபடி அடித்தார். இந்தத் தடவை முதல் அடி விழுந்ததுமே, "ஐ! பாயாசம்!" என்று பிள்ளைகள் பறந்தன. பெற்றவர்கள் பிள்ளைகளைப் பிடிக்க ஓடினார்கள். ஒருத்தி மறக்காமல் தேங்காய் எடுத்து வந்தாள். ஒருத்தி முந்தானையில் ஏலக்காய் முடிந்து வந்தாள். அன்றும் மலை வரவில்லை. பாயாசம் முதல் தடவையைவிட நன்றாக இருந்தது.

பெருமாள் குவளையை நீட்டிக்கொண்டே சொன்னான்.

"இனிப்புத் திங்க ஆசை வந்தா நேரா கேளுங்க கங்காணியாரே. எதுக்கு இரும்பைப் போட்டு அடிக்கிறீங்க?"

பொம்பிளைகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். கங்காணி குவளையைத் தொடவில்லை.

மறுநாள் மடுவத்தில் ஆயம்மாவின் முன்னால் போய் நின்றார்.

"ஆயம்மா, மெய்யா வர்ற அன்னைக்கு மட்டும் அடிக்கிற மாதிரி எனக்கு ஒரு வழி சொல்லுங்க. அது போதும்."

ஆயம்மா ஏணையில் ஒரு பிள்ளையைப் போட்டுக்கொண்டிருந்தாள். ஏணைக்குக் கீழே தரையில் நாலு சாக்கு மடித்துப் போட்டிருந்தது. எப்போதும் போட்டிருக்கும்.

"மாமா, இந்த ஏணையிலருந்து எத்தனை புள்ள விழுந்திருக்கு?"

"ஒண்ணும் விழல்ல."

"அப்போ சாக்கை எடுத்துருங்க. கால்ல இடறுது."

கங்காணி குனிந்தார். சாக்கின் நுனியைப் பிடித்தார். மேலே பிள்ளை புரண்டது. கையை எடுத்துவிட்டார்.

"அது வேற ஆயம்மா, இது வேற. சாக்கைப் பாத்து ஊரே சிரிக்குதா? என்னையப் பாத்துச் சிரிக்கிறாங்களே!"

ஆயம்மா சாக்கின் நுனியைச் சரிசெய்தாள். ஏணையை ஆட்டினாள்.

ஐப்பசி மாசம், ஒரு வெள்ளிக்கிழமை. பெருமாள் மகளுக்குப் பரிசம் போடுகிற நாள். அக்கரைத் தோட்டத்திலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்திருந்தார்கள். லயமே அரைநாள் வேலையோடு திரும்பி, குளித்து, பூ வைத்து, பெருமாள் வீட்டு வாசலில் கூடிவிட்டது. சேலை கசங்கக் கூடாதென்று பிள்ளைகளை மட்டும் மடுவத்திலேயே விட்டிருந்தார்கள். தெரியாதா நமக்கு!

வெற்றிலைத் தட்டு வைக்கும் நேரம் வானம் கறுத்தது. கொட்டியது பாருங்கள் மழை, தகரம் பிய்ந்துபோகிற மாதிரி! கங்காணி குடையோடு போய்ப் போத்தலைப் பார்த்தார். தண்ணீர் கோட்டைத் தாண்டியிருந்தது.

பார்த்துக்கொண்டு நிற்கும்போதே மழை இளைத்தது. மேற்கே கொஞ்சம் வெளிச்சம்கூடத் தெரிந்தது.

கங்காணி சம்மட்டியை எடுத்தார். பெருமாள் வாசலிலிருந்தே பார்த்துவிட்டான். ஓடி வந்து கையைப் பிடித்தான்.

"கங்காணியாரே, ஒங்க கால்ல விழுறேன். இன்னைக்கு ஒரு நாள் சும்மா இருங்க. சம்பந்தி முன்னால எம் மானத்தை வாங்காதீங்க. மழைதான் விட்டுருச்சே!"

சொல்லிவிட்டுப் போய்விட்டான். கங்காணி சம்மட்டியைப் பார்த்தார். அடித்து, மலை வராமல்போனால்? ஒரு பெண்ணின் பரிசத்தைக் கெடுத்த பேரோடு எப்படித் தலைநிமிர்ந்து நடப்பது? அடிக்காமல், வந்துவிட்டால்? சம்மட்டியோடு மடுவத்துக்கு ஓடினார். மூச்சு இரைத்தது.

ஆயம்மா பிள்ளைகளைக் கயிற்றில் வரிசை பிடிக்கவைத்துக்கொண்டிருந்தாள். சின்னதுகள் இரண்டை முன்னும் பின்னும் கட்டியிருந்தாள்.

"ஆயம்மா! இன்னைக்கு மட்டும் உண்மையைச் சொல்லுங்க. மலை வருமா?"

"தெரியாது."

"ஏ புள்ள, வெளையாடாத! மூணு வருசம் வெறகு வெட்டியிருக்கேன். அன்னைக்கு மட்டும் எப்படித் தெரிஞ்சது ஒனக்கு?"

"அன்னைக்கும் தெரியாது மாமா. அதுக்கு முந்தி பதினோரு தடவ புள்ளைங்கள மேட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருக்கேன். பதினோரு தடவையும் மலை வரல்ல."

கங்காணி சம்மட்டியைத் தரையில் ஊன்றினார். பிறகு மெல்லக் கேட்டார்.

"பதினோரு தடவையா? யாரும் சிரிக்கலியா?"

"சிரிச்சாங்க. மொதல்ல சிரிச்சது நீங்கதான்."

"நீ என்ன செஞ்ச?"

"பாயாசம் வச்சுக் குடுத்தேன்."

சொல்லிக்கொண்டே கயிற்றை இழுத்தாள். பத்தொன்பது பிள்ளைகளும் தூறலில் நனைந்துகொண்டு மேட்டுப் பாதையில் ஏறத் தொடங்கின.

கங்காணி ஓடினார் ஐயா! அறுபத்தொரு வயசுக் கால் அப்படி ஓடும் என்று யாரும் கண்டதில்லை. போன வேகத்தில் ஓங்கி அடித்தார். டாண்! டாண்! டாண்!

மேட்டுப் பாதையிலிருந்து பத்தொன்பது தொண்டை ஒன்றாகக் கத்தியது. "பாயாசம்! பாயாசம்!"

பெருமாள் வாசலில் இருந்த தாய்மார் திரும்பிப் பார்த்தார்கள். பிள்ளைகள் மேலே போகின்றன! அவ்வளவுதான், கசங்குகிற சேலை கசங்கட்டும் என்று தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினார்கள். ஒருத்தி மாப்பிள்ளையின் தாயைக் கையைப் பிடித்து இழுத்தாள். "வாங்க அண்ணி, இங்க இப்படித்தான், மேல பாயாசம் குடுப்பாங்க!" மாப்பிள்ளை ஒரு கிழவரை உப்புமூட்டை தூக்கினான். பெண் தட்டை எடுத்துக்கொண்டு ஓடினாள், வெற்றிலை ஒவ்வொன்றாகப் பறந்தது. ஒரே கூச்சல், ஒரே சிரிப்பு! கடைசியாகப் பெருமாள், பெற்றவளை முதுகில் சுமந்துகொண்டு, கங்காணியின் ஏழு தலைமுறையையும் திட்டிக்கொண்டே ஏறினான்.

மேட்டில் கங்காணி பெயர் கூப்பிட்டார், பழைய பிரட்டுக் குரலில். வீடு வீடாக, காம்பரா காம்பராவாகக் கூப்பிட்டார். "இருக்கேன்!" "இருக்கோம்!" "இங்கதான்!"

"லொறி பெருமாள்!"

"இருக்கேன்யா, இருக்கேன்! மழை விட்டுருச்சு, கண்ணைத் தொறந்து பாரு! இன்னைக்கு ஒன்னைய..."

அவன் முடிக்கவில்லை. மலைக்குள் ஏதோ முறிகிற சத்தம் கேட்டது.

சரிவு வந்தது. தேயிலைச் செடிகள் நட்டது நட்டபடி நின்றுகொண்டே வந்தன. பத்து எண்ணுகிற நேரம்தான் இருக்கும். பெருமாள் வீடு இல்லை. அந்த வரிசையில் ஆறு வீடுகள் இல்லை. மடுவம் இல்லை. கங்காணியின் வீடும் தண்டவாளமும் இல்லை. மற்ற வரிசைகள் சேறு பூசி நின்றன.

எல்லாரும் இருந்தார்கள். கங்காணி இரண்டாம் தடவையும் பெயர் கூப்பிட்டுப் பார்த்துவிட்டார். ஒரு ஆள் குறையவில்லை.

முதலில் பெருமாள்தான் வந்தான். நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான். கங்காணி காலை விடவில்லை. "தெய்வமே" என்றான். பிறகு ஆளாளுக்கு வந்தார்கள். சம்பந்தி கும்பிட்டார். இளவட்டங்கள் கங்காணியைத் தோளில் தூக்கிவிட்டார்கள். "கங்காணி! கங்காணி!" என்று மேடு அதிர்ந்தது.

கங்காணிக்குச் சந்தோசம் பொங்கியது. தன் வீடு போனதுகூட மனசில் நிற்கவில்லை. எத்தனை மாசத்துச் சிரிப்பு! எல்லாம் ஒரே அடியில் போயிற்று. தோளிலிருந்து குதித்து இறங்கிக் குருவைத் தேடிப் போனார்.

ஆயம்மா அடுப்புக் கல்லுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அடுப்பு மூட்டவில்லை. பெருமாள் பெண்சாதி அவள் மடியில் தலை வைத்து அழுதுகொண்டிருந்தாள். ஆயம்மாவும் அழுதுகொண்டிருந்தாள். பிள்ளைகள் காலி அண்டாவை எட்டிப் பார்த்துவிட்டு, ஒன்றும் புரியாமல் சுற்றி நின்றன.

"ஆயம்மா! பாத்தீங்களா! மெய்யாயிருச்சு! என் தண்டவாளம் மெய்யாயிருச்சு! எங்க பாயாசம்? இன்னைக்கில்லாம என்னைக்கு?"

ஆயம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"இன்னைக்கு மலை வந்துருச்சே மாமா."

கங்காணி கீழே பார்த்தார். மண்ணுக்குள்ளிருந்து பரிசப் பந்தலின் ஒரு மூங்கில் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது. பின்னால் யாரோ இன்னும் அவர் பெயரைச் சொல்லிக் கூவிக்கொண்டிருந்தார்கள். கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னார். பிறகு அவளுக்குப் பக்கத்தில், நனைந்த தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

மேற்கே மறுபடியும் கறுத்துக்கொண்டு வந்தது.

"புதுசா ஒரு தண்டவாளம் தேடிக் கட்டுங்க மாமா" என்றாள் ஆயம்மா. "அடுத்த தடவ நல்லாப் பொய்யா அடிங்க. நெய் ஊத்தியே வச்சுத் தாறேன்."