புகையாத அடுப்பு

செங்கழனி நாட்டைக் குலமாணிக்கன் என்றொரு ராஜா ஆண்டுகொண்டிருந்த காலம் அது. நல்ல மனுஷன்தான், ஆனால் காலையில் போட்ட உத்தரவை மத்தியானம் மாற்றுவான். கடைசியாக அவன் காதில் யார் பேசினார்களோ, அவர்கள் சொன்னதே சட்டம்.

அந்தக் காதருகிலேயே ஆசனம் போட்டு உட்கார்ந்திருந்தவர் வில்லவராயர். அமைச்சர் பூவணரைக் கண்டாலே அவருக்கு வயிறு எரியும்.

"மகாராஜா, நம் மேல்மலைச் சீமை நாட்டில் கால்வாசி. ஆனால் மலைக்கு ஒரு குடிசைதான்! இதற்கு ஓர் அதிகாரி, ஒரு சாவடி, ஒரு வைத்தியர்! எல்லாம் அமைச்சர் செய்த வீண் ஏற்பாடு. அந்தச் சனங்களைக் கீழே இறக்கிவிட்டால், அத்தனையும் உங்கள் வேட்டைக்காடு!"

வேட்டை என்றதும் ராஜா நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"சிதறிக் கிடந்தாலும் அவர்கள் ஒரே ஊர்தான், மகாராஜா" என்றார் பூவணர்.

"பக்கத்து வீட்டுக்காரன் முகம் பார்க்க ஒரு மலை ஏறி இறங்கணும். ஊராம் ஊர்!" என்று வில்லவராயர் சிரித்தார்.

"நேரிலேயே பார்ப்போம்" என்றான் ராஜா. "பூவணரே, பறை கூடாது, தூதன் கூடாது, நீர் சாவடியை விட்டு நகரவும் கூடாது. பொழுது சாய்வதற்குள் அந்த ஊரைக் கூட்டிக் காட்டும். முடியாவிட்டால் மலை என் வேட்டைக்காடு!"

மூவரும் மலையேறி, உச்சியிலிருந்த அரசாங்கச் சாவடியில் தங்கினார்கள். விடிந்ததும் வில்லவராயர் இரண்டு கம்பளிக்குள்ளிருந்து பல் கிடுகிடுக்கக் கத்தினார்: "அடுப்பை மூட்டுங்கள்! ஒரு வாய் வெந்நீராவது கொடுங்கள்!"

பூவணர் ஒரு குடம் தண்ணீரை எடுத்து அடுப்பிலிருந்த கங்கின் மேல் ஊற்றினார். பிறகு வாசலில் சாவகாசமாக உட்கார்ந்துகொண்டார்.

"ஆளுக்குப் பித்துப் பிடித்துவிட்டது, மகாராஜா!" என்று வில்லவராயர் குதூகலித்தார்.

வெயில் ஏறியது. எதிர்மலைச் சரிவில் ஒரு தலை தெரிந்தது. அப்புறம் இன்னொன்று. மத்தியானத்துக்குள் எல்லா மலைகளிலிருந்தும் சனங்கள் மூச்சிரைக்க ஓடி வந்தார்கள். ஒருவர் கையில் தேன், ஒருவர் கையில் பச்சிலை, சிலர் ஆளைச் சுமக்கத் தூளியும் கம்புமாக வந்தார்கள். முன்னால் வந்தவள் மாதி என்ற மலைக்காரி, தலையில் சாமைக் கஞ்சிப் பானை.

"சாவடியில புகையே காணோமே! யாருக்கு என்னாச்சு சாமி?"

"புகை இல்லாவிட்டால் என்னம்மா?" என்றான் ராஜா.

"விடிஞ்சும் ஒரு வீட்டுல புகை எழும்பலேன்னா, அங்க யாரோ முடியாம கிடக்காங்கன்னுதானே அர்த்தம்? எல்லாரும் போவோம். நல்லாத்தானே இருக்கீங்க? அடுப்பை மூட்டுறதுக்கு என்ன கேடு?"

பூவணர் கைகூப்பினார். "தப்பு என்னுடையது, தாயே. உங்கள் மலையைக் காப்பாற்ற வேறு வழி தெரியவில்லை."

ராஜாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "வில்லவராயரே, என் அரண்மனையில் அடுப்பு புகையாவிட்டால் யார் ஓடி வருவார்கள்?"

"சமையல்காரனைத் திட்ட... நான் வருவேன், மகாராஜா."

சனங்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ராஜா தன் முத்துமாலையைக் கழற்றிப் பூவணருக்குப் போட்டான். "மேல்மலை இப்படியே இருக்கும். இதன் புது அதிகாரி வில்லவராயர். இங்கேயே குடியிருக்கட்டும்!" இந்த உத்தரவை அவன் மத்தியானத்துக்கு மேலும் மாற்றவில்லை.

தனியாக இருந்த முதல் நாளே வில்லவராயர் விடிந்து வெகுநேரமாகியும் அசந்து தூங்கிவிட்டார். கண் விழித்தால் வாசலில் மலையே திரண்டு நிற்கிறது.

"உசிரோடதான் இருக்கீங்களா? அப்ப குடிங்க" என்று மாதி கஞ்சியை நீட்டினாள். அவர் வெட்கத்தோடு குடித்தார். இன்னொரு கிண்ணமும் கேட்டார்.

அன்றிலிருந்து மேல்மலையில் முதல் புகை சாவடியிலிருந்துதான் எழும்பியது. பிறகொரு காலையில் மாதி வீட்டில் புகையைக் காணவில்லை. கஞ்சிப் பானையைத் தூக்கிக்கொண்டு, செருப்பைக்கூட மறந்து, எல்லோருக்கும் முன்னால் ஓடிப்போய் நின்றவர் வில்லவராயர்.