வயலெட் சொன்னதாகச் சொன்னது

"நம்பணும்னு ஆசைப்பட்டா நம்பிர முடியுமா, சிஸ்டர்?"

ஞானாபரணம் இதைக் கேட்டது, செம்மணல் தேரிக்காட்டில் தனியாக நிற்கும் ஜெபக்குடிலின் வாசலில். வயது அறுபத்தாறு. பத்திரப் பதிவு ஆபீசில் அசலையும் நகலையும் ஒப்புப் பார்த்தே தலை நரைத்தவர்.

பதில் சொல்ல வேண்டிய எப்சிபா சிஸ்டருக்கு நாற்பதுகூட ஆகவில்லை. முன்னால் அரிவாள்மணை, ஓடு உரித்த புளி ஒரு குவியல்.

"பெட்டியில என்ன, அண்ணாச்சி?"

"பைபிள்."

"ஒரு பைபிளுக்கா இம்புட்டுப் பெரிய பெட்டி?"

"பதினொண்ணு இருக்கு. பழைய மொழிபெயர்ப்பு, புதுசு, கத்தோலிக்கர் படிக்கிறது. இங்கிலீஷ்ல நாலு."

பெட்டியை இறக்கி வைத்ததும் தேரி மணல் ஒரு முழம் கீழே போயிற்று. நம்பாதவர்கள் ஒரு சாண் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

"ஒவ்வொண்ணும் ஒவ்வொரு மாதிரி சொல்லுது. எங்க ஆபீஸ்ல நகல்ல ஒரு எழுத்து பிசகினாலும் திருப்பி அனுப்பிருவேன். இதுல அசலே யாருகிட்டயும் இல்லைங்காங்க."

அசலுக்குப் பக்கத்திலாவது போய்விடலாம் என்று பைபிளின் மூல மொழியான எபிரேயு படிக்க உட்கார்ந்தவர் அவர். வலமிருந்து இடமாகப் படித்துப் படித்துக் கழுத்து இடப்பக்கமே திரும்பி நின்றுவிட்டது. மூன்று மாதம் அந்தப் பக்கம் இருந்தவர்களோடு மட்டும்தான் பேச்சு. அப்புறம் கிரேக்கு படித்தார். கழுத்து நேரானது. மனசுதான் ஆகவில்லை என்றார்.

"கழுத்து வலிக்கு வைத்தியரைப் பாத்திருக்கலாமே."

அவர் சிரிக்கவில்லை.

"வீட்டுக்காரி போய்ச் சேர்ந்து எட்டு மாசம் ஆகுது. வயலெட்."

சிஸ்டரின் கை நின்றது.

"மறுபடி பாப்போம்னு அவ நம்பினா. நானும் நம்பிட்டேன்னா அவளைப் பாத்திரலாம். ஞாயித்துக்கிழமை கோயில்ல திருவிருந்து அப்பம் வாங்க எல்லாரும் எந்திரிச்சுப் போறாங்க. நான் மட்டும் பெஞ்சுல உக்காந்திருக்கேன். நம்பாம கை நீட்டினா அவகிட்டயே பொய் சொன்ன மாதிரி இருக்கு. தினமும் காலையில முடிவு பண்ணுதேன், இன்னையிலேர்ந்து நம்புறதுன்னு. மத்தியானம் வரைக்கும் நிக்க மாட்டேங்கு."

சிஸ்டர் புளியில் பாதியை அவர் பக்கம் தள்ளினாள்.

இரண்டு பேரும் கொட்டை எடுத்தார்கள். உடைமர நிழல் அவர்களைத் தாண்டிப் போய்விட்டது.

"கடைசியா உங்ககிட்ட என்ன சொன்னாங்க?"

"எங்கிட்ட எங்க சொன்னா? நான் ஆஸ்பத்திரியிலேர்ந்து மருந்து வாங்க ரோட்டுக்கு அந்தப் பக்கம் போயிருந்தேன். நல்ல மழை. திரும்பி வாறதுக்குள்ள..."

ஒரு கொட்டையை விரலில் உருட்டிக்கொண்டிருந்தார்.

"நர்ஸ்தான் சொல்லிச்சு. மலையாளத்துப் பிள்ளை. 'அவரை நனையாம வரச் சொல்லுங்க'ன்னு சொன்னாளாம்."

"தெளிவாத்தான் கேட்டிருக்குமா?"

"வாதத்துல வாய் கோணி, பேச்சே குழறிப் போச்சு. எனக்கே பாதிதான் விளங்கும்."

"வேற யாரும் கேக்கலையா?"

"பக்கத்துக் கட்டிலுக்குத் துணை இருந்த அம்மா கேட்டிருக்காங்க. அவங்க வேற சொன்னாங்க. 'அவருக்குத் துண்டு எடுத்து வைங்க'ன்னாளாம். நான் உள்ள வரும்போது துண்டும் கையுமா நின்னாங்க."

"ரெண்டுல எது சரி?"

"எதுவா இருந்தா உங்களுக்கென்ன? ரெண்டும் வயலெட்தான்."

அவர் குரல் உயர்ந்துவிட்டது. சிஸ்டர் நிமிரவில்லை. அடுத்த புளியை எடுத்துக் கீறினாள்.

"அந்தம்மா துண்டை நீட்டினாங்க. அப்ப, அது வயலெட்டம்மா சொன்னதுதான்னு நம்புறதுக்கு எப்படி முடிவு பண்ணினீங்க?"

"முடிவா? எங்க முடிவு பண்ணினேன்? வாங்கித் தலையைத் துவட்டினேன்."